நாலு கிலோ எழுநூறு

பாட்டிலை வாங்கத்தான வந்திருக்கீங்க? தர்றேன் சார். தரமாட்டேன்னு யார் சொன்னா? உக்காருங்க. சென்னைக்குக் கார்லதான போறீங்க, அப்புறம் என்ன அவசரம்? ஓ.பி. முடிஞ்சிருச்சு, இனி சாயங்காலம்தான் ஆள் வரும். காபி சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க.

நீங்க பிரஸ்ல புதுசா சேர்ந்த மேனேஜராக்கும். கனகவேல்னு போன்ல சொன்னாங்க. என் வயசு இருக்கும் உங்களுக்கு. அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். அருஞ்சுனை உங்களுக்கு மொதலாளி, எனக்கு ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து சேக்காளி. இந்தச் சிவகாசியில எங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பாத்தவன் கிடையாது. நான் மெடிக்கல் காலேஜ் போனேன், அவன் அவங்க அப்பாவோட பிரஸ்ஸுக்குப் போனான். இந்த நர்சிங் ஹோம் தொறந்த அன்னைக்கு மொத நோட்டீஸ் அவன் அடிச்சதுதான். இருபத்திரெண்டு வருஷமா என் படம் போட்ட காலண்டர் வருஷா வருஷம் இருநூறு அடிச்சுக் குடுக்கறான். நான் கேட்டதே இல்ல, அவனா செய்யறது.

அப்பேர்ப்பட்டவன், தனக்கு உடம்பு சரியில்லன்னதும் என்ன செஞ்சான்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சென்னைக்குப் போயிட்டான். இப்ப பாட்டிலை வாங்கறதுக்குக்கூட உங்களை அனுப்பறான். நான் உங்களைச் சொல்லல சார், நீங்க சம்பளத்துக்கு வந்தவரு. ஆனா சொல்லுங்க, இதுக்கு என்ன பேரு? நான் துரோகம்னு சொல்றேன். என் வீட்டுக்காரி அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாங்கறா. வேற என்ன வார்த்தை இருக்கு?

அங்க பாருங்க, அலமாரிக்கு மேல. அதுதான். பயலாஜி லேபுக்குச் சப்ளை பண்றவர்கிட்ட சொல்லி மதுரையில இருந்து வரவழைச்ச ஜாடி. நம்ம ஊர்க் கடையில அந்த சைஸ் கிடைக்காது. லேபிள் என் கையெழுத்து. நாலு கிலோ எழுநூறு கிராம். பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் எடுத்தது, வர்ற பங்குனி வந்தா மூணு வருஷம்.

அன்னைக்கு அவன் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். "ஜெயா, பேன்ட் பொத்தான் போட முடியலடா, ஆனா மூஞ்சி வத்திப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க"ன்னான். படுக்க வெச்சு வயித்தைத் தொட்டேன். தொட்டதுமே தெரிஞ்சு போச்சு. எடது பக்கம் முழுக்கக் கட்டி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஸ்கேன் எடுத்தா குடலுக்குப் பின்னாடி, முதுகை ஒட்டி, கொழுப்பா நிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்கன்னு அந்த ரேடியாலஜிக்காரன் ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுதியிருந்தான். அவங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க, தன் தலை தப்பினா போதும்னு. முப்பது வருஷமா நான் எடுத்த கொழுப்புக் கட்டிக்குக் கணக்கே கிடையாது சார். கழுத்துல, முதுகுல, தொடையில. இது வயித்துக்குள்ள, கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான.

"மதுரைக்குப் போகணுமாடா?"ன்னு கேட்டான். "என்மேல நம்பிக்கை இல்லன்னா போ"ன்னேன். சிரிச்சுட்டு சட்டையைக் கழட்டிட்டான்.

நாலு மணி நேரம். கத்தியே அதிகம் எடுக்கல சார், பாதிக்கு மேல கைதான். விரலை விட்டுப் பதமாப் பிரிச்சுப் பிரிச்சு, அப்படியே வெளிய கொண்டாந்தேன். கிட்னி மேல மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. வேற ஆளா இருந்தா பயந்துக்கிட்டு கிட்னியையும் சேத்து அறுத்திருப்பான். நான் சுரண்டி எடுத்தேன், வந்த வரைக்கும். ஒரு துணுக்கு கூட விடலன்னு சொல்ல மாட்டேன், ஆனா கிட்னியைக் காப்பாத்திட்டேன். அதை யாராவது இன்னைக்குப் பேசறாங்களா?

தியேட்டருக்கு வெளிய எல்லாருக்கும் காட்டினேன். நம்ம பக்கம் அது ஒரு வழக்கம், உங்களுக்கே தெரியும். எடுத்ததைக் காட்டலன்னா சனத்துக்குத் திருப்தி வராது. எவர்சில்வர் பேசின்ல வெச்சு நர்ஸ் கொண்டு வந்தா. அவன் சம்சாரம் செல்வக்கனி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அவன் பிரஸ்ல வேலை பாக்கற ஆளுங்க அத்தனை பேரும் போட்டோ எடுத்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு பேப்பர்ல வந்துச்சு. அதோ ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன் பாருங்க, நான், பக்கத்துல ஜாடி. அந்த வருஷக் காலண்டர்ல என் படத்துக்குக் கீழ அருஞ்சுனையே அந்த வரியைப் போட்டான். "நாலு கிலோ எழுநூறு கிராம் கட்டியை அகற்றி சாதனை." அடுத்த வருஷமும் அதையே போட்டான். எத்தனை வீட்டுச் செவுத்துல தொங்குச்சு தெரியுமா அது.

இந்த வருஷம் ஆடி போச்சு, தீபாவளி போச்சு, இன்னும் புரூஃப் வரல. உங்களுக்கு இது புதுசா இருக்கும். புரூஃப்ல கையெழுத்து வாங்காம உங்க மொதலாளி மிஷினை ஓட விடமாட்டான். சொந்த மக கல்யாணப் பத்திரிகைக்கு சம்பந்தி வீடு வரைக்கும் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்தவன் அவன். ஊரே கேலி பண்ணுச்சு. எனக்கும் அப்படித்தான். இருநூறு காலண்டர், ஓசிக் காலண்டர், ஆனா புரூஃப் வந்திரும், நான் கையெழுத்துப் போட்டாத்தான் அடிப்பான். இந்த வருஷம் அது வரலன்னதுமே எனக்குச் சந்தேகம். போன் பண்ணினேன், செல்வக்கனிதான் எடுத்தா. "நாங்க சென்னையில இருக்கோம்ணே"ன்னா. எதுக்கும்மான்னு கேட்டா அழுகுறா.

அதுக்கு முன்னாடி என்கிட்ட வரலையான்னா, வந்தான். பொய் சொல்லக்கூடாது. போன மார்கழியில வந்தான், வயிறு கனக்குதுன்னான். கேஸ்தான், ராத்திரி பரோட்டாவை விடுன்னு சொன்னேன். மாசியில ஒரு தடவை வந்தான். அப்பவும் தொட்டுப் பாத்தேன். தழும்புக்குக் கீழ கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு. ஆபரேஷன் பண்ணின எடம், அப்படித்தான் இருக்கும். ஸ்கேன் எடுக்கவாடான்னு கேட்டான். காசைக் கரியாக்காதன்னேன். மூணாவது தடவை வரல. மூணாவது தடவை வந்திருந்தா நானே எடுக்கச் சொல்லியிருப்பேன் சார், சத்தியமா.

அங்க ஊசியை விட்டுத் துணுக்கு எடுத்துப் பாத்திருக்காங்க. சார்கோமாங்கறாங்க. கொழுப்புல வர்ற புத்துநோயாம். ரொம்ப அபூர்வம், பாக்கறதுக்குச் சாதாரணக் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்குமாம். வயித்துக்குப் பின்னாடி இத்தனை பெருசா கொழுப்பு இருந்தா மொதல்ல அதைத்தான் சந்தேகப்படணுமாம். ஸ்கேனைப் பாத்து, ஊசி போட்டு, அப்புறம் அஞ்சாறு டாக்டருங்க சம்பந்தம் பேசற மாதிரி சுத்தி உக்காந்து பேசி முடிவு பண்ணித்தான் ஆபரேஷனாம். மொத ஆபரேஷன்தான் முக்கியமாம். பிய்க்காம, சுரண்டாம, பக்கத்துல இருக்கற கிட்னியோட சேத்து ஒரே உருப்படியா எடுத்திருந்தா இவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்காதாம். இதையெல்லாம் செல்வக்கனி போன்ல எனக்குப் பாடம் எடுக்கறா. முப்பது வருஷ சர்ஜன் எனக்கு.

இப்ப வந்திருக்கறது எங்கன்னு கேட்டேன். கிட்னிக்கு மேலன்னா.

காபி வந்திருச்சு, எடுத்துக்கோங்க. சர்க்கரை பத்தலன்னா சொல்லுங்க.

போன வாரம் அவனே கூப்பிட்டான். ஆறு மாசம் கழிச்சு மொத போன். நல்லா இருக்கியா, ஒண்ணும் கிடையாது. "ஜெயா, மொதக் கட்டியோட ஸ்லைடு கேக்கறாங்கடா. அதுவும் இதுவும் ஒரே சாதியா, இல்ல குணம் மாறியிருக்கான்னு பாக்கணுமாம். அதை வெச்சுத்தான் மருந்து மொதல்லயா ஆபரேஷன் மொதல்லயான்னு முடிவு பண்ணுவாங்களாம்"ன்னான். ஸ்லைடுன்னா, கட்டியில ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவோம்ல, அவங்க அதை மெலிசாச் சீவிக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருப்பாங்க. அது. லேப்ல தொலைச்சிட்டாங்கடான்னேன். நடக்கறதுதான சார், எந்த லேப்ல தொலையாம இருக்கு?

எந்த லேப்னுகூட அவன் கேக்கல. "சரிடா, பாட்டில் இருக்குல்ல"ன்னான். வெச்சுட்டான். அவ்வளவுதான் அவன் பேசினது. ஒண்ணாம் கிளாஸ் சேக்காளி.

பாட்டில் பத்திரமா இருக்கு. தண்ணி குறையக் குறைய நானே ஃபார்மலின் ஊத்தறேன், நர்ஸுககிட்ட விடறதில்ல. எந்திரிச்சுப் போய்க் கிட்டக்க பாருங்க. இத்தனை வருஷம் கழிச்சும் உருண்டை கலையல. ஒரு எடத்துல கத்தி பட்டிருக்கா பாருங்க. முழுசா...

என்ன சார், அப்படிப் பாக்கறீங்க?

ஆமா. முழுசாத்தான் இருக்கு.

சரி. உக்காருங்க. நீங்க ஒண்ணும் கேக்கல, எனக்குத் தெரியும். நான் அனுப்பல சார். துண்டு வெட்டினா அழகு போயிரும்னு ஒரு நெனப்பு. ஜாடி வர்ற வரைக்கும் முழுசா இருக்கட்டும், அப்புறம் அடியில லேசா ஒரு துண்டு எடுத்து அனுப்பிக்கலாம்னு இருந்தேன். ஜாடி வந்துச்சு, பேப்பர்காரங்க வந்தாங்க. அப்புறம் அதுல எங்க வெட்டறது? மஞ்சளா, வழவழன்னு இருந்துச்சு சார். யார் பாத்தாலும் கொழுப்புன்னுதான் சொல்லுவாங்க.

தையல் பிரிக்க வந்த அன்னைக்கு செல்வக்கனி கேட்டா. "டெஸ்டுக்கு அனுப்பினீங்களாண்ணே? ரிசல்ட் என்ன வந்துச்சு?" அவ ஒரு பயந்த சுபாவம். பத்து நாளா சரியாச் சாப்பிடல. "எல்லாம் வந்தாச்சு தங்கச்சி, சுத்தமான கொழுப்பு, போய்க் கெடா வெட்டி விருந்து வை"ன்னேன். அது பொய்யா சார்? அது ஒரு ஆறுதல். ரெண்டு வருஷம் அந்தப் பொம்பளை நிம்மதியாத் தூங்கியிருக்கா, அது யாரால?

அவன் அப்ப எங்க நின்னான்னு கேட்டீங்கன்னா, அலமாரிகிட்ட. ஜாடியைப் பாத்துக்கிட்டு. முன்னாடி பாத்தான், சுத்திப் போய்ப் பின்னாடி பாத்தான். புரூஃப் பாக்கறவன் கண்ணு அது. ஒரு கமா வெலகியிருந்தாலே கண்டுபிடிச்சிருவான். "முழுசா இருக்கேடா ஜெயா"ன்னான். "பின்ன, கூறு போட்டா வைப்பாங்க?"ன்னேன். என்னைப் பாத்தான், சிரிச்சான். செல்வக்கனி "ரிப்போர்ட்டைக் கையில வாங்கிக்கலாமா"ன்னு ஆரம்பிச்சா. "ஜெயாகிட்டப் போய் ரிப்போர்ட் கேப்பாங்களாக்கும், வா போகலாம்"னு அவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அப்ப அவனுக்கு அன்னைக்கே தெரியும். சம்பந்தியை நம்பாம கையெழுத்துக் கேட்டவன், என்கிட்ட மட்டும் கேக்கல. கேட்டா என்ன சார்? சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்ல? அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருப்பேன். கேக்காம விட்டுட்டு, இப்ப அவன் பாட்டுக்கு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சென்னையில கிடக்கான். எனக்குக் கோவம் வராதா? அவன் என்னை ஏமாத்திட்டான் சார். என்னை நம்பற மாதிரி இருந்தே ஏமாத்திட்டான்.

என்ன அது, பையில? ஆஸ்பத்திரி ஃபாரமா? குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... ஆங். "முதல் அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் நிரப்ப வேண்டியது." திசுப் பரிசோதனை எண், தேதி, லேப் பேரு. லேப்ல தொலைஞ்சிருச்சுன்னு நீங்களே அங்க வாயால சொல்லிரக்கூடாதா? ஒரு கட்டத்துக்காகவா காத்துக்கிட்டு இருக்கப் போறாங்க? சரி, வைங்க. பாப்போம்.

இன்னொண்ணு இருக்கா? புரூஃபா? அட, புரூஃபை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டீங்க? மொதல்லயே குடுத்திருக்கலாம்ல. நான் சொன்னேன் பாத்தீங்களா, என்ன இருந்தாலும் அவன் என்னை விட்டுக்குடுக்க மாட்டான். அங்க படுக்கையில கிடந்துக்கிட்டு என் காலண்டரை நெனச்சிருக்கான் பாருங்க. சும்மாவா, நாப்பத்தெட்டு வருஷப் பழக்கம். குடுங்க குடுங்க.

படம் அதே படம்தான். நல்லா இருக்கு. பேரு சரியா இருக்கு, எம்.எஸ். இருக்கு. ஓ.பி. நேரம் இருக்கு. சாதனை வரியைக் காணோமே. வேற என்னமோ போட்டிருக்கான்.

"உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையைக் கேட்டுக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்."

கீழ என் பேரு.

இதை அவனே எழுதினானா? படுக்கையில இருந்துக்கிட்டா? வேற ஏதாவது சொன்னானா? திட்டினானா? நீங்க மறைக்க வேண்டாம், சொல்லுங்க.

...

"அவனுக்குச் சரின்னு படலன்னா பழைய வரியையே போட்டுருங்க. புரூஃப்ல அவன் என்ன சொல்றானோ அதுதான்." அப்படியா சொன்னான்? வேற ஒண்ணுமே சொல்லல?

செல்வக்கனிகிட்ட? அவகிட்டயும் சொல்லலையா. லேப்ல தொலைஞ்சிருச்சுன்னுதான் அவ இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காளா.

பாருங்க சார், எப்பவும் போலக் கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. அவன் கையால போட்டதுதான்.

இருங்க. பேனா இருக்கு, என் பேனாதான் வேணும்.

போட்டுட்டேன். திருத்தம் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கேன். எத்தனை அடிக்கறீங்க? இருநூறா? இருநூறு பத்தாது சார். ஐந்நூறு அடிங்க. அந்த ஃபாரத்தையும் இங்க தள்ளுங்க. எண், கோடு. தேதி, கோடு. லேப் பேரு எழுதற எடத்துல... "அனுப்பப்படவில்லை." கீழ கையெழுத்து, சீல். காயட்டும், மடிச்சிராதீங்க. செல்வக்கனி படிச்சாலும் படிக்கட்டும்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க. தனியாத் தூக்க முடியாது, தண்ணியோட சேத்து அது பெரிய கனம். நீங்க அடியில கையைக் குடுங்க, நான் கழுத்தைப் பிடிச்சுக்கறேன். மெதுவா. படி இருக்கு, பாத்து. பின் சீட்டுல வைங்க, ரெண்டு பக்கமும் தலகாணி வெச்சு அணை குடுங்க. டிரைவர்கிட்ட சொல்லுங்க, ஸ்பீட் பிரேக்கர்ல நிதானமாப் போகணும். பிரேக் போட்டா இது ஆடும்.

ஆபரேஷன் எப்ப வெச்சிருக்காங்க? இதை டெஸ்ட் பண்ணின பிறகுதானா. அதுக்கு ஒரு வாரம் ஆகும். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும்.

சார், கண்ணாடியை ஏத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு. அவன் நம்பர் பழைய நம்பர்தான? இப்ப நான் போன் பண்ணினா எடுப்பானா?